ஒன்றுமில்லாத நம்பர்

எழுதத் தெரிந்தவர்கள் பொறுத்துக்கொள்ள வேண்டும். பத்தாவதோடு படிப்பை விட்டவன் நான். பஸ்ஸை நிறுத்தச் சொல்லக் கூச்சப்பட்டு அடுத்த ஸ்டாப்பில் இறங்கி நடக்கிறவன். ஆனாலும் மீதி அண்ணனைப் பற்றி வேறு யாரும் எழுதப்போவதில்லை.

ஆளைப் பார்க்காமல் ஆளுடைய செல் நம்பரைப் பார்த்துப் பழகிய மனுஷர் மதுரையிலேயே அவர் ஒருவர்தான். செல்லூரில் நாங்கள் துண்டு நெய்யும் தறிக்கூடத்தில் யார் புதிதாகச் சேர்ந்தாலும் பேரைக் கேட்க மாட்டார். நம்பரைக் கேட்பார். சாக்பீஸை எடுத்துச் சுவரில் வகுக்க ஆரம்பிப்பார். "மீதி எம்புட்டு வருதுன்னு பாப்போம்" என்பார். அந்த 'மீதி'யே அவருக்குப் பேராகிவிட்டது. கோச்சடையில் தனியாக இருந்தார், குடும்பம் கிடையாது.

முதலாளி நம்பர் ஒன்பதால் மீதியில்லாமல் வகுபட்டது. டீக்கடைக்காரர் நம்பரை முன்னாலிருந்து படித்தாலும் பின்னாலிருந்து படித்தாலும் ஒன்றுதான். "அப்படின்னா பத்து இலக்கமும் பதினொண்ணுக்கு அடங்கித்தான் ஆகணும்ணே!" என்று மீதி அண்ணன் அவர் கையைப் பிடித்துக் குலுக்கினார். டீக்கடைக்காரர் மிரண்டுபோய் அன்று டீயில் சர்க்கரை போட மறந்தார். தறி ரிப்பேர் பார்க்கும் மெக்கானிக் நம்பர்தான் எதற்கும் அடங்கவில்லை. பொங்கல் லீவில் ஊரே அவனியாபுரத்தில் ஜல்லிக்கட்டு மாடு பார்க்கப் போக, இவர் சுவரோடு மல்லுக்கட்டினார். கடைசியில், "பகா எண்டா! எந்தக் கொம்பனும் வகுக்க முடியாது!" என்று கத்தினார். மெக்கானிக் ஒரு வாரம் நெஞ்சை நிமிர்த்தியே நடந்தான்.

என் நம்பருக்கு உதட்டைப் பிதுக்கினார்.

"ரெண்டால ஒருக்கா போகுது மாப்ள. அதுக்கு மேல அசைய மாட்டேங்குது. ஒன் நம்பர்ல ஒண்ணுமே இல்ல."

"ஆளு மாதிரியே நம்பரும்!" என்றான் மெக்கானிக். கூடமே சிரித்தது. நானும் சிரித்துவைத்தேன். உள்ளே குத்தியது. திங்கட்கிழமை சிம்மை மாற்றிவிடலாமென்று கடையில் நல்ல நம்பராக ஒன்று சொல்லிவைத்தேன்.

ஞாயிற்றுக்கிழமை மத்தியானம் தெரியாத ஒருவர் கூப்பிட்டார்.

"அண்ணே, அவனியாபுரத்துல ஷேர் ஆட்டோ கவுந்துருச்சு. ஒருத்தருக்குக் கையில அடி, செல்லு நொறுங்கிப்போச்சு. யாருக்குச் சொல்லணும்னு கேட்டா, முதலாளி நம்பர் ஒம்பதால வகுபடும், டீக்கடை நம்பர் பதினொண்ணால வகுபடும்ங்கறாரு. மண்டையிலயும் அடியோன்னு பயந்துட்டோம். ஒங்க நம்பரை மட்டும்தான் முழுசாச் சொன்னாரு."

ஓடினேன். ஆஸ்பத்திரி பெஞ்சில் கட்டுப் போட்ட கையோடு உட்கார்ந்திருந்தார்.

"மத்தவங்க நம்பர்ல என்ன விசேஷம்ங்கறதுதான் ஞாபகம் இருக்கு மாப்ள, நம்பர் இல்ல. ஒன் நம்பர்லதான் ஒண்ணும் சிக்கலையே. எதாச்சும் கண்டுபிடிச்சுக் குடுத்துரணும்னு தெனமும் வகுத்துப் பாத்தேனா, நம்பரே மனசுல ஒட்டிக்கிருச்சு."

மறுநாள் சிம் கடைக்காரர் கூப்பிட்டார். வேண்டாம் என்று சொல்லிவிட்டேன்.