சீர்ப்பெட்டியின் நான்கு மூலைகள்

மரியாதைக்குரிய அண்ணன் வார்சித்தோ அவர்களுக்கு, ஜெப்பாராவிலிருந்து தம்பி விராத்மோ வணங்கி எழுதுவது. இங்கு லஸ்மியும் பையன் பிரகோசோவும் சுகம். கோழிகள்கூடச் சுகம். நான்தான் மூன்று நாளாகச் சோறு இறங்காமல் கிடக்கிறேன். இதை அண்ணியிடம் படித்துக் காட்ட வேண்டாம்.

பிரகோசோவுக்கு வெனிங்கைப் பெண் பேசப் போன அன்று வாயை வைத்துக்கொண்டு சும்மா இருந்திருக்கலாம். "சீர்ப்பெட்டியை என் கையாலயே செஞ்சு கொண்டாறேன், ஒரு ஆணி இருக்காது" என்று சொல்லிவிட்டேன். யாரிடம்? முப்பது வருஷமாகத் தேக்குப் பட்டறை நடத்தும் சம்பந்தி தார்மினிடம்! நானோ தீவுப் படகுக்கு டிக்கெட் கிழித்தே ஓய்வு பெற்றவன். அவர் சிரித்துக்கொண்டே, "அப்படியா? பாக்கணுமே" என்றார். அந்தப் 'பாக்கணுமே' இன்னும் என் காதிலேயே நிற்கிறது.

ஆணியில்லாத பெட்டிக்குப் புறாவால் இணைப்புத்தான் வழி. ஒரு பலகையின் நுனியைப் புறா வால் போல விரித்து அறுத்து, அடுத்த பலகையில் அதற்கேற்ற பள்ளம் குடைந்து இரண்டையும் கோக்க வேண்டும். என் கையில் ரம்பம் நேராகப் போகாதே என்று, அதைச் சாய்த்து அணைத்துப் பிடிக்க ஒரு சரிவுக்கட்டை நானே செய்தேன். தேக்கை வீணாக்க மனம் வராமல், மீன்பெட்டி அடிக்கும் மென்மரத்தில் செய்தேன், புத்திசாலி! முதல் நாள் இரண்டு பலகையிலும் வாலையே அறுத்து வைக்க, வாலும் வாலும் முட்டிக்கொண்டு நின்றன. மறுநாள் புதுப்பலகை வாங்கி நான்கு மூலையும் அறுத்து முடித்த பிறகுதான் தெரிந்தது, ரம்பம் ஒவ்வொரு அறுப்பிலும் பலகையோடு சேர்த்து என் கட்டையையும் கொஞ்சம் கொஞ்சமாகத் தின்றிருக்கிறது. ஒரு மூலைக்கு ஒரு சரிவு. ஒரு இடுக்கில் அரிசி நுழைகிறது, கடைசி இடுக்கில் வேர்க்கடலையே நுழைகிறது. லஸ்மி போட்டுப் பார்த்தாள்.

"ரெண்டு ஆணி அடிச்சு, மேல மரத்தூளைப் பசையில குழைச்சுப் பூசுங்க. யாரு பாக்கப் போறா?"

"அடியே, இந்தத் தச்சனுங்க ஊர்ல சாத்தே கறி திங்க வர்றவன்கூட முக்காலியைக் கவுத்துப் பாத்துட்டுத்தான்டி உக்கார்றான்!"

இந்த நேரத்தில் பிரகோசோ வந்து, "அப்பா, வெனிங் வீட்டுல உங்க பெட்டிப் பேச்சாத்தான் இருக்காம்" என்று முகமெல்லாம் பூரிப்பாகச் சொன்னான். அப்பன் இவ்வளவு பெரிய புளுகன் என்றால் பையனை மட்டும் எப்படி நம்புவார்கள்? என் வாயால் அவன் கல்யாணம் நின்றுபோனால் நான் உயிரோடு இருப்பேனா?

ஆகவே அண்ணா, உங்கள் ஊர் செமாராங்கில் நல்ல தச்சராகப் பிடித்து ஒரு பெட்டி செய்து வியாழனுக்குள் பஸ்ஸில் ஏற்றிவிடுங்கள். சாக்கில் கட்டி மேலே 'கருவாடு' என்று எழுதுங்கள்.

அண்ணிக்கு வணக்கம், பிள்ளைகளுக்கு ஆசி. உங்கள் வீட்டுக் கதவு சன்னலெல்லாம் இடுக்கில்லாமல் இருக்க இறைவன் அருளட்டும்.

நடுக்கத்துடன்,
விராத்மோ

பின்குறிப்பு: உறையை ஒட்டுவதற்குள் சம்பந்தியே வந்துவிட்டார். பெட்டியை மறைக்க நேரமில்லை. நேராகப் போய் இடுக்கில் நகத்தை விட்டுப் பார்த்தார். நான் கண்ணை மூடிக்கொண்டேன்.

"சம்பந்தி, இது நெசமாவே கையால அறுத்ததா?"

"ஆமாங்க" என்றேன்.

"அப்பாடா! நீங்க சொன்ன ரோஷத்துல, பதில் சீர்ப்பெட்டி நானும் கையாலதான் செய்யறேன்னு ஊரெல்லாம் சொல்லித் தொலைச்சுட்டேன். என் பட்டறையில எல்லாம் மெஷினுங்க. கையில அறுத்து இருபது வருஷமாச்சு, வரவே மாட்டேங்குது. மெஷின்ல போட்டா இடுக்கு இருக்காது, பாத்ததும் கண்டுபிடிச்சுடுவாங்க. ஞாயித்துக்கிழமைக்குள்ள இதே மாதிரி இன்னொண்ணு செஞ்சு குடுங்க. இடுக்கு மட்டும் அச்சு அசலா இப்படியே இருக்கணும்" என்று என் இரண்டு கையையும் பிடித்துக்கொண்டார்.

பெட்டி அனுப்ப வேண்டாம். ஆனால் அண்ணா, அந்த இடுக்கெல்லாம் தானாக வந்தவை. வேண்டுமென்று அதை எப்படி அறுப்பது?