மூன்றாவது கதிரை

என்னுடைய முதல் பட்டத்தின் சராசரி மூன்று தசம் ஆறு. இதைக் கனடாவில் சொன்னால் கை குலுக்குவார்கள். ஜெர்மனியில் சொன்னால் முகத்தை ஒரு மாதிரி வைத்துக்கொண்டு, "பரவாயில்லை, பாஸ் பண்ணிவிட்டீர்கள்தானே" என்பார்கள். இங்கே ஒன்று எடுத்தவர் கெட்டிக்காரர், நாலு எடுத்தவர் தப்பிப் பிழைத்தவர், ஐந்து எடுத்தவர் வீட்டுக்குப் போகலாம். ரொறொன்ரோவில் இருக்கும் சித்தப்பாவுக்கு இந்தத் தலைகீழ்க் கணக்கு தெரியாது. "நாலுக்கு மூண்டு தசம் ஆறோ! எங்கடை குடும்பத்திலை ஒரு கெட்டிக்காரி!" என்று தொலைபேசியில் அழுதே விட்டார். அப்பா அவரைத் திருத்தவில்லை. நானும் திருத்தவில்லை. (சித்தப்பா, இதை வாசித்தால் மன்னித்துக்கொள்ளுங்கோ.)

பட்டம் இயந்திரப் பொறியியல். மூன்று வருடப் படிப்பை ஐந்தரை வருடம் ஆற அமரப் படித்தேன். வெப்ப இயக்கவியல் பரீட்சைக்கு மூன்றாம் தடவை போனபோது, மேற்பார்வையாளர் என் பெயரைச் சொல்லிக் காலை வணக்கம் வைத்தார். முடித்த பிறகு பொறியியல் வேலை எதுவும் என்னைத் தேடி வரவில்லை, நானும் அதைத் தேடிப் போகவில்லை. வுப்பர்டாலில் எங்கள் வீட்டுக்குப் பக்கத்திலிருந்த முதியோர் இல்லத்தில் உதவியாளராகச் சேர்ந்தேன். அங்கேதான் வாழ்க்கையில் முதல் தடவையாக, காலையில் வேலைக்குப் போக ஆசையாக இருந்தது. ஒரு வருடம் கழித்து, இருபத்தைந்து வயதில், மருத்துவம் படிக்கப் போகிறேன் என்று வீட்டில் அறிவித்தேன்.

அப்பா பேப்பரிலிருந்து கண்ணை எடுக்கவில்லை. "எஞ்சினைப் படிக்கவே அஞ்சரை வருசம். மனுசரைப் படிக்க எத்தினை வருசம், பிள்ளை?" என்றார்.

நியாயமான கேள்விதான். இரண்டாவது பட்டத்துக்கு அரச பல்கலைக்கழகங்கள் ஒதுக்கும் இடங்கள் மிகக் கொஞ்சம். அதற்கும் முதல் பட்டத்தின் புள்ளியைத்தான் பார்ப்பார்கள். என் புள்ளியைப் பார்த்தால் சிரித்துவிட்டு மூடி வைப்பார்கள். மிஞ்சியது ஒரேயொரு சிறிய கல்லூரி. "நாங்கள் புள்ளியை மட்டும் பார்ப்பதில்லை, ஆளையும் பார்க்கிறோம்" என்று அவர்கள் எழுதியிருந்தார்கள். விண்ணப்பித்தேன். ஒருநாள் தேர்வுக்கு வரச் சொல்லிக் கடிதம் வந்தது. எனக்கு அந்த ஒரு கதவுதான் இருந்தது.

இந்த இடத்தில் என் பழைய தொழிலைப் பற்றிச் சொல்லியாக வேண்டும். ஒன்பது வயதிலிருந்து நான் மொழிபெயர்ப்பாளர். அம்மா ஒரு பெரிய சமையலறையில் சட்டி கழுவினார், அங்கே சட்டிகளோடு ஜெர்மன் கதைக்கத் தேவையிருக்கவில்லை. டொக்டரிடம் டெர்மின், அதாவது குறித்த நேரம், என்றால் மட்டும் நான் கூடப் போக வேண்டும். அம்மாவைப் பார்த்துப் பக்கத்து வீட்டு ராணி அக்காவும் என்னைக் கூட வரக் கேட்டார், ராணி அக்காவைப் பார்த்து இன்னும் நாலு பேர் கேட்டார்கள். பன்னிரண்டு வயதில் எனக்கு ஒரு வாடிக்கையாளர் கூட்டமே இருந்தது.

தொழிலுக்கு எழுதாத விதிகள் இருந்தன. நோயாளிக்குப் பக்கத்துக் கதிரையில் உட்கார வேண்டும். டொக்டரின் முகத்தை மட்டும் பார்க்க வேண்டும். ஒவ்வொரு வசனத்தையும் "அவ சொல்லுறா" என்று தொடங்க வேண்டும். முக்கியமாக, இரண்டு பக்கத்துப் பேச்சையும் கொஞ்சம் கத்தரித்துக் கொடுக்க வேண்டும். ராணி அக்கா "மூண்டு நேரமும் சோறுதான்" என்றால் நான் டொக்டரிடம் "மரக்கறி விரும்பிச் சாப்பிடுகிறார்" என்பேன். டொக்டர் "இது சுத்தப் பொறுப்பின்மை" என்று கத்தினால் நான் ராணி அக்காவிடம் "கொஞ்சம் கவனமா இருக்கட்டாம்" என்பேன். இரண்டு பேரும் சந்தோஷமாக எழுந்து கைகொடுப்பார்கள். தாதி எனக்கு ஒரு இனிப்புத் தருவார்.

சரி, தேர்வு நாளுக்கு வருகிறேன். எங்கள் ஊரின் தொங்கு ரயில் பிடித்து, பிறகு நிலத்தில் ஓடும் ரயில் பிடித்து, ஒரு மணி நேரம் முந்தியே போய்ச் சேர்ந்தேன். அறை அறையாகப் போக வேண்டும், ஒவ்வொன்றிலும் எட்டு நிமிடம், முடிந்ததும் மணி அடிக்கும். முதல் இரண்டு அறைகளிலும் நன்றாகவே செய்தேன். மூன்றாவது அறைக் கதவில், "உள்ளே நோயாளியாக ஒரு நடிகை இருக்கிறார். நீங்கள் டொக்டர். அவருடன் பேசுங்கள்" என்று எழுதி ஒட்டியிருந்தது. இரண்டு தரம் வாசித்தேன். நன்றாகவே விளங்கியது.

உள்ளே போனேன். அறுபது வயது மதிக்கத்தக்க ஒரு பெண்மணி, முகமெல்லாம் கவலை. அவருக்கு எதிரே மேசை, மேசைக்குப் பின்னால் டொக்டருக்கான நல்ல கதிரை. அவர் பக்கத்தில் இன்னொரு சாதாரணக் கதிரை, அதில் அவருடைய கைப்பை. யன்னலோரம் கோப்பும் பேனையுமாக நின்றபடி ஒரு பேராசிரியர். நான் வணக்கம் சொன்னேன், கைப்பையைத் தூக்கி மேசையில் வைத்தேன், அந்தச் சாதாரணக் கதிரையில் உட்கார்ந்தேன்.

நடிகை ஒரு கணம் என்னைப் பார்த்தார். பிறகு, தொழில்காரர் அல்லவா, தொடங்கினார். "மூன்று வாரமாகக் கால் மரத்துப் போகிறது. எனக்குச் சீனி வருத்தம். உண்மையைச் சொன்னால், கணவர் இறந்த பிறகு நான் மாத்திரை எடுப்பதில்லை. பாதி நாள் கேக்தான் சாப்பாடு."

நான் தலையை ஆட்டிக் கேட்டேன். பிறகு பேராசிரியர் பக்கம் திரும்பினேன். "மூன்று வாரமாகக் கால் மரத்துப் போகிறது என்று சொல்கிறார். மாத்திரை ஒழுங்காக எடுக்கிறார், எப்போதாவது மறந்துபோகும். இனிப்பு அவ்வளவாகச் சாப்பிடுவதில்லை."

ஜெர்மனில் சொன்னதை ஜெர்மனிலேயே மொழிபெயர்த்திருந்தேன். அதுவும் பொய்யாக.

"நான் அப்படிச் சொல்லவே இல்லையே!" என்றார் நடிகை.

என் பதினாறு வருட அனுபவத்தில் இரண்டு பக்கமும் விளங்கிய ஒரே வாடிக்கையாளர் இவர்தான். நான் அவர் கையில் மெல்லத் தட்டி, 'நீங்கோ பேசாம இருங்கோ, நான் பாத்துக்கொள்ளுறன்' என்பதுபோலக் கண்ணைக் காட்டினேன்.

பேராசிரியர் செருமினார். "தயவுசெய்து நோயாளியுடன் நேரடியாகப் பேசுங்கள்."

நான் நடிகையிடம் திரும்பினேன். "டொக்டர் நேரடியாகப் பேச வேண்டுமாம்."

"நான் டொக்டர் இல்லை," என்றார் பேராசிரியர். "நீங்கள்தான் டொக்டர்."

அதையும் நடிகைக்குச் சொல்வதற்காக வாயைத் திறந்தேன். திறந்த வாய் அப்படியே நின்றது. மேசைக்குப் பின்னால் அந்த நல்ல கதிரை காலியாக இருந்தது. காதிரண்டும் சுட்டன. எழுந்து போய் அதில் உட்கார்ந்திருக்கலாம், இன்னும் மூன்று நிமிடம் இருந்தது. கால் வரவில்லை. மூன்று பேரும் அந்தக் காலிக் கதிரையைப் பார்த்துக்கொண்டிருந்தோம், ஏதோ டொக்டர் கோப்பி குடிக்கப் போனவர் இப்போது வந்துவிடுவார் என்பதுபோல. மணி அடித்தது. நான் கைப்பையை எடுத்து இருந்த இடத்திலேயே வைத்தேன். நடிகை நல்ல மனுசி, "பரவாயில்லை, டொக்டர் வந்ததும் சொல்கிறேன்" என்றார்.

ரயிலில் அழுதேன். அதற்கு முன் நானாக ஆசைப்பட்டு எதையும் கேட்டதில்லை. கேட்ட ஒன்றையும் என் வாயாலேயே கெடுத்துக்கொண்டு வந்திருந்தேன்.

வீட்டில் அம்மா புட்டு வைத்திருந்தார். "எப்பிடிப் போச்சு?" என்று கேட்டார். மறைக்கப் பார்த்தேன், முடியவில்லை. கைப்பை தூக்கியதிலிருந்து ஒவ்வொன்றாக நடித்தே காட்டினேன். அப்பா சிரித்துப் புரையேறித் தண்ணீர் குடித்தார். அம்மாவும் சிரித்தார். சிரித்துக்கொண்டிருந்தவர் சட்டென்று நிறுத்தினார்.

"அப்ப எனக்கும் நீ உப்பிடித்தானே செய்தனி?"

நான் புட்டைப் பார்த்தேன்.

"உனக்குப் பதினொரு வயசிலை, அந்தத் தாடிக்கார டொக்டர். அண்டைக்கு அவர் என்ன சொன்னவர்?"

நினைவிருந்தது. அம்மாவின் சீனி வருத்தம் இப்படியே இருந்தால் கண் போய்விடும் என்றார். நான் அம்மாவிடம், "கரட் நிறையச் சாப்பிடட்டாம்" என்றேன். அதற்குப் பிறகு பல நாட்கள், காலையில் பால் பெட்டியைத் தூரத்தில் பிடித்துக்கொண்டு, "அம்மா, இதிலை என்ன திகதி போட்டிருக்கு?" என்று கேட்பேன். அம்மா வாசித்துச் சொன்னால்தான் பள்ளிக்கூடம் போவேன். இதையெல்லாம் முதல் தடவையாகச் சொன்னேன்.

"எனக்குத் தெரியும்," என்றார் அம்மா. "அவர் அஞ்சு நிமிசம் கதைச்சவர், நீ ஒரு வசனத்திலை முடிச்சனி. கரட்டுக்கு ஆரும் அப்பிடி முகத்தை வைப்பினமே? அண்டையோடைதான் தேத்தண்ணிக்குச் சீனியை விட்டனான். நீ நல்லாப் பயந்துபோய் இருந்தனி. அதாலை எனக்கொண்டும் விளங்காத மாதிரி இருந்திட்டன்."

இன்னும் இரண்டு கரண்டி புட்டை என் தட்டில் போட்டார். அதை நான் எப்படிச் சாப்பிட்டேன் என்று எனக்குத் தெரியாது.

இரண்டு வாரத்தில் கல்லூரியிலிருந்து மிக மரியாதையான மறுப்புக் கடிதம் வந்தது. அடுத்த வருடம் மறுபடி விண்ணப்பித்தேன். முதல் தடவை, சிறு வயதிலிருந்தே மருத்துவம் என் கனவு என்று எல்லோரையும்போலப் பொய் எழுதியிருந்தேன். இந்த முறை கரட்டைப் பற்றி எழுதினேன். மறுபடி கூப்பிட்டார்கள். நோயாளி அறையில் இரண்டு கதிரைகள்தான் இருந்தன, மூன்றாவதை எடுத்துவிட்டிருந்தார்கள். (என்னால்தான் என்று நம்புகிறேன்.) மேசைக்குப் பின்னால் போய் உட்கார்ந்து, நோயாளி சொன்னதைச் சொன்னபடி கேட்டேன். இடம் கிடைத்தது. அப்பா அன்றே ரொறொன்ரோவுக்குப் போன் அடித்துச் சொன்னார். சித்தப்பா ஆச்சரியப்படவேயில்லை.

இப்போது ஹனோவரில் ஓர் ஆஸ்பத்திரியில் வேலை செய்கிறேன். எங்கள் வீட்டில், நான் நடித்துக் காட்டிய அன்றிலிருந்து, யாரும் தங்கள் குற்றத்தைத் தாங்களாக ஒப்புக்கொள்வதில்லை. காரை இடித்துவிட்டு வந்த அன்று அப்பா வாசலில் நின்று, "அவர் சொல்லுறார், தூண்தான் குறுக்கை வந்ததாம்" என்றார். போன ஞாயிற்றுக்கிழமை அம்மாவுக்குப் போன் எடுத்தேன்.

"அம்மா, சீனிக்குக் குளிசை போட்டனீங்களோ?"

"அவ போட்டவவாம்" என்றார்.

"அவவை உண்மையைச் சொல்லச் சொல்லுங்கோ."

"அது ஏலாது பிள்ளை," என்றார் அம்மா. "அவவின்ரை மொழிபெயர்ப்புக்காரி வேலையை விட்டிட்டு டொக்டராப் போயிட்டாவாம்."