வெள்ளைச் சட்டையும் உருவாக்கச் செலவும்

சொந்தக்காரர்களுக்குக் கணக்கு எழுதுவதே வம்பு. எழுதித்தான் ஆகவேண்டும் என்றால், அவர்கள் செய்த மிஷினை ஒருமுறையாவது ஓடவிட்டுப் பார்த்திருக்க வேண்டும். நான் பார்க்கவில்லை. (சி.ஏ. பாஸான திமிர், வேறென்ன?)

பேட்டையில் லேத் பட்டறை வைத்திருந்த என் அக்காவின் கணவர், வாழைப்பட்டையிலிருந்து நார் எடுக்கும் மிஷின் ஒன்றைச் செய்துகொண்டிருந்தார். களக்காட்டு வியாபாரி ஒருவர் ஆர்டர் தரத் தயார். வங்கிக் கடன் கிடைத்தால் அதை எடுக்கலாம். இல்லையென்றால் பட்டறையைப் பூட்டிவிட்டு அத்தான் கோயம்புத்தூருக்கு வேலைக்குப் போகவேண்டும். அக்கா சரியாகத் தூங்கியே பல நாளாகியிருந்தது.

கணக்கைப் போட்டால் நஷ்டம். எரிந்த மோட்டார், வளைந்த பிளேடு எல்லாமே செலவு. நான் அத்தனையையும் ‘உருவாக்கச் செலவு’ என்று தூக்கிச் சொத்துப் பக்கத்தில் வைத்துவிட்டேன். தொட்டுப் பார்க்க முடியாத சொத்து! நஷ்டம் லாபமாகிவிட்டது. ஆராய்ச்சிக் கட்டத்தில் ஆகும் பணம் வெறும் செலவு. பொருள் வேலை செய்யும் என்று உறுதியான பிறகு ஆவதைத்தான் சொத்தாகக் காட்டலாம் என்பது விதி. அந்த விதியைத் தூக்கத்தில் எழுப்பிக் கேட்டாலும் ஒப்பிப்பேன்.

“செல்வி, காஞ்ச பட்டைன்னா நல்லா எடுக்கு. ஈரம் கூடுனா மக்கர் பண்ணுது,” என்றார் அத்தான்.

“நீங்க பேசாம இருங்க அத்தான். நான் பாத்துக்கிடுதேன்.”

வங்கி அதிகாரி வந்தார். இஸ்திரி கலையாத வெள்ளைச் சட்டை. தாளைப் புரட்டியவர் நேராக அந்த ஒரு வரியில் விரலை வைத்தார். மிஷின் வேலை செய்யுமா என்று கேட்டார். நிச்சயமாகச் செய்யும் என்றேன்.

“அப்ப ஓட்டிக் காட்டும்மா.”

அத்தான் என்னைப் பார்த்தார். விடிய விடிய மழை பெய்து பட்டையெல்லாம் ஊறிக் கிடந்தது. அக்கா காப்பி டம்ளரோடு வாசலிலேயே நின்றுவிட்டாள். சுவிட்சை நானே போட்டேன். (சொத்தைக் கண்டுபிடித்தவள் நானல்லவா.)

முதல் பட்டையில் நார் அழகாக வந்தது. எனக்கு மூச்சு வந்தது. அதிகாரி பார்க்கக் கிட்டே குனிந்தார். இரண்டாவது பட்டையில் சத்தம் மாறியது. அத்தான் மெயின் சுவிட்சுக்கு ஓடினார். அவர் போய்ச் சேருவதற்குள் வாழைச்சாறு அதிகாரியின் காலரிலிருந்து வயிறு வரை பீய்ச்சியடித்துவிட்டது.

வாழைக்கறை எந்த வெளுப்புக்கும் போகாது. அதிகாரி கண்ணாடியைக் கழற்றித் துடைத்துக்கொண்டார்.

“இது இன்னும் ஆராய்ச்சிதாம்மா. செலவுல எழுது. ஒழுங்கா ஓடுனதும் கூப்பிடு, வாரேன்.”

கணக்கைத் திருத்தினேன். லாபம் மறுபடி நஷ்டமானது. அத்தான் திட்டியிருந்தால்கூடத் தாங்கியிருப்பேன். அதிகாரிக்கு எடுத்துக்கொடுத்த புதுச் சட்டையை எந்தத் தலைப்பில் எழுதணும் என்று மட்டும் மெதுவாகக் கேட்டார். அழுதுவிட்டேன்.

சில்லறை லேத் வேலையில் பட்டறையை ஓட்டிக்கொண்டே அத்தான் மிஷினைத் திருத்தினார். அடுத்த கோடையில் அது ஈரப்பட்டையிலும் ஓடியது. அதிகாரி சொன்னபடி வந்தார், கறுப்புச் சட்டையில். கடன் கிடைத்தது. அத்தான் இன்றும் பேட்டையில்தான் இருக்கிறார்.

என்னைப் பெண் பார்க்க வந்தவரும் வெள்ளைச் சட்டைதான். அத்தான் அவரைத் தனியே கூப்பிட்டுக் கதை முழுவதையும் சொல்லிவிட்டார். இப்போதும் நான் மிக்சியில் கைவைத்தால், “ஆராய்ச்சி முடிஞ்சிட்டா?” என்று என் கணவர் சமையலறைக்கு வெளியே நின்றே கேட்கிறார். பதில் வரும்வரை சட்டையைக் கழற்றிக் கையில் வைத்திருக்கிறார்.