பெட்டியை ஏழு முறை திறந்த பெருச்சாளி

அன்றைக்குக் காலையில் எஸ்டேட்டில் ஏலக்காயைக் காயவைக்கும் ஸ்டோரில் இருந்தவர்கள் யார் யார் என்று முதலிலேயே சொல்லிவிடுகிறேன். பிற்பாடு யாரும் “நானும் அங்கதான நின்னேன்” என்று கிளம்பி வரக்கூடாது. (வந்திருக்கிறார்கள். போடி பஸ் ஸ்டாண்டு டீக்கடையில் ஒருவர், ஆள் நான்தான் என்று தெரியாமல், என்னிடமே இந்தக் கதையைச் சொல்லிச் சிரித்தார். நானும் சிரித்தேன். வேறென்ன செய்ய?)

ஒன்று, எஸ்டேட் முதலாளி. இரண்டு, வேளாண்மைப் பொறியியல் படித்துக்கொண்டிருந்த ஆராய்ச்சி மாணவி மதுமிதா. மூன்று, அவளுடைய பேராசிரியர். நான்கு, அவரைப் போடிமெட்டு வழியாக ஏற்றிவந்த ஜீப்பு டிரைவர் ராசு. ஐந்து, என் மனைவி ஈஸ்வரி. ஆறு, நான். ஏழாவதாக ஒரு பெட்டியும் இருந்தது. அதை ஒரு ஆளாக நான் கணக்கில் எடுக்கவில்லை. என் வாழ்க்கையில் நான் போட்ட தப்புக் கணக்குகளிலேயே பெரியது அதுதான்.

என்னைப் பற்றி ஒரு விஷயம் தெரிந்தால் போதும், மீதியை நீங்களே ஊகித்துக்கொள்ளலாம். பத்தாம் வகுப்புப் பரீட்சையில் ஃபெயிலாகிவிடுவேனோ என்று பயந்து, ஒன்பதாம் வகுப்போடு பள்ளிக்கூடத்தை விட்டவன் நான். ஃபெயிலாகாமல் தப்பித்துவிட்டேன் என்று அன்றைக்குச் சந்தோஷமாகக்கூட இருந்தது. ஜீப்பில் மலையேறினால் ஒவ்வொரு கொண்டை ஊசி வளைவிலும் டிரைவருக்குப் பதிலாக நான் காலால் பிரேக் பிடிப்பேன். வீட்டைப் பூட்டிவிட்டு மூன்று முறை இழுத்துப் பார்ப்பேன். நான்காவது முறை இழுத்தால் பூட்டு பிடுங்கிக்கொண்டு வந்துவிடுமோ என்று பயந்து அதோடு நிறுத்திக்கொள்வேன்.

இப்படிப்பட்டவனுக்குக் கிடைத்த வேலையோ ஏலக்காயைக் காயவைப்பது. பறித்து வந்த பச்சைக் காயை ஸ்டோரில் தட்டுத் தட்டாகப் பரப்பி, விறகுச் சூட்டில் ஒரு ராத்திரி முழுக்க வாட்டி எடுக்க வேண்டும். சூடு கூடினால் காய் வெடிக்கும், குறைந்தால் பச்சை நிறம் மங்கும். இரண்டில் எது நடந்தாலும் ஏலத்தில் வியாபாரி உதட்டைப் பிதுக்குவான். கவலைப்படுவதற்குச் சம்பளம் தருகிற ஒரே வேலை அது. பதினோரு வருஷம் பார்த்தேன்.

அங்கேதான் மதுமிதா அந்தப் பெட்டியோடு வந்து இறங்கினாள். பீரோ மாதிரி இருக்கும். உள்ளே தட்டுகள், பின்னால் காற்றாடி, மேலே மினுக் மினுக்கென்று ஒரு பச்சை விளக்கு. சூட்டை அதுவே பார்த்துக்கொள்ளும், ஆள் வேண்டாம். (‘ஆள் வேண்டாம்’ என்றதை இரண்டு முறை கேட்டு உறுதிப்படுத்திக்கொண்டேன்.)

நான் அவளை ‘மேடம்’ என்றேன். “தங்கச்சின்னே கூப்பிடுங்கண்ணே” என்றாள். மரியாதைக் குறைவாகப் போய்விடுமோ என்று ‘தங்கச்சி மேடம்’ என்றே கூப்பிட்டுவந்தேன்.

அவள் காவிரிக்கரைப் பக்கத்துப் பிள்ளை. ஏலக்காய்க்கு வருமுன் நெல்லில் ஆரம்பித்தவள். ஏன் இந்தப் படிப்பு என்று ஒருநாள் கேட்டேன்.

“எங்க அப்பா நெல்லைக் கடிச்சுப் பாப்பாருண்ணே. டக்குனு ஒடஞ்சா காஞ்சிருச்சும்பாரு. ஒரு வருஷம் கொள்முதல்ல மெஷினை வச்சுப் பாத்து, ஈரம்னு திருப்பிட்டாங்க. மூட்டை வெளியில கெடந்து மழையில முளைச்சுப் போச்சு. மெஷினும் பொய் சொல்லல, அப்பாவும் பொய் சொல்லல. அப்ப நடுவுல எது பொய்? அதத்தாண்ணே தேடிக்கிட்டிருக்கேன்.”

நான் ஏலக்காயைக் கைக்குள் பொத்திக் காதோரம் குலுக்கிப் பார்ப்பவன். கலகலவென்றால் காய்ந்துவிட்டது. அதைக்கூட அவள் சிரிக்காமல் நோட்டில் எழுதிக்கொண்டாள். என் காதை ஒருவர் எழுதிவைத்தது அதுவே முதல் தடவை.

அந்த சீசனின் கடைசிக் காய் எடுப்பில் பரீட்சை. எண்பது கிலோ பச்சைக் காயை ஒன்றாகக் கலந்து, சரிபாதியாகப் பிரித்து, நாற்பதை என் விறகு அறையிலும் நாற்பதைப் பெட்டியிலும் வைத்தோம். அவள் ஆராய்ச்சிக்கு விதிகள் உண்டு. ஒரு நேரத்தில் ஒன்றைத்தான் மாற்ற வேண்டும். யார் ஜெயிக்க வேண்டும் என்று ஆசைப்படக் கூடாது. அப்புறம், எனக்கென்றே ஒன்று.

“நீங்க தெனமும் எப்படிச் செய்வீங்களோ அப்படியே செய்யுங்க. கூடவும் வேணாம், குறையவும் வேணாம். பெட்டிப் பக்கம் மட்டும் போகவே போகாதீங்க. நான் பக்கத்துல நின்னா உங்க கை வேற மாதிரி போகும். அதனால நான் போய் ஈஸ்வரி அக்கா வீட்டுல படுத்துக்கிறேன்.”

அவள் நகர்ந்ததும் முதலாளி வந்தார். “டேய் சன்னாசி, பொட்டி மட்டும் நல்லாக் காயவச்சுருச்சுன்னா ரெண்டு வாங்கிப் போட்டுருவேன்டா. வெறகும் மிச்சம், ராத்திரி ஆளும் மிச்சம்” என்றார்.

ராத்திரி ஆள் என்பது நான்.

நான் ஆசைப்படவில்லை, சத்தியமாக. பயந்தேன். பயப்படுவதைப் பற்றி அவள் விதி எதுவும் போடவில்லை. வழக்கமாக ஈர விறகும் காய்ந்த விறகும் கலந்து தள்ளுகிற நான், அன்று காய்ந்ததாகவே பொறுக்கி வைத்தேன். பூச்சி கடித்த காய்களை ஒவ்வொன்றாக எடுத்து வீசினேன். ராத்திரிக்கு இரண்டு முறை திருப்பிவிடும் தட்டுகளை மணிக்கு ஒரு முறை திருப்பினேன். பெற்ற பிள்ளை காய்ச்சலில் கிடந்தபோதுகூட அத்தனை முறை தொட்டுப் பார்த்ததில்லை. (ஈஸ்வரி இதை இன்றைக்கும் சொல்லிக் காட்டுவாள்.)

இருட்டியதும் இன்னொரு கவலை பிடித்துக்கொண்டது. என் காய் நன்றாக வந்தால் அந்தப் பிள்ளையின் படிப்பு என்ன ஆகும்? மழையில் முளைத்த நெல் மூட்டை கண் முன்னால் வந்து நின்றது. பெட்டிக்குள் காய் எப்படி இருக்கிறதோ, பாவம். லேசாகத் திறந்து பார்த்தால் என்ன?

திறந்தேன். நன்றாகத்தான் இருந்தது. மூடினேன். சரியாக மூடினேனா? மறுபடி திறந்து மூடினேன். மூன்றாவது முறை பார்த்தபோது ஓரத்தில் இரண்டு காய் வெடித்திருந்தது. எனக்கு உயிரே போய்விட்டது. இன்னும் வெடித்திருக்கிறதா என்று பார்க்கத் திறந்தேன். திறந்ததால் குளிர்காற்று உள்ளே போனது. குளிர்ந்துவிட்டதென்று நினைத்துப் பெட்டி சூட்டைக் கூட்டியது. சூடு கூடியதால் காய் வெடித்தது. வெடித்ததால் நான் மறுபடி திறந்தேன். இந்தச் சங்கிலி எனக்கு மறுநாள்தான் புரிந்தது. அன்று நான் புரிந்துகொண்டது, ‘நாம பாக்கலைன்னா இன்னும் மோசமாயிருக்கும்’ என்பது மட்டும்தான்.

காலை ஒன்பது மணிக்கு ராசுவின் ஜீப்பு வந்தது. பேராசிரியர் இறங்கினார். கொண்டை ஊசி வளைவுகள் அத்தனையும் அவர் முகத்தில் தெரிந்தன. “சாரமில்ல சார், மொதல்ல அப்படித்தான் இருக்கும்” என்றான் ராசு. (மலையில் மலையாளம் கேட்டுக் கேட்டு எங்களுக்கெல்லாம் ‘பரவாயில்லை’ மறந்து ‘சாரமில்ல’ ஆகிவிட்டது.)

இரண்டு பக்கத்துக் காயையும் தனித்தனியே சாக்கில் கொட்டினோம். என் காய் கிளிப்பச்சை. பெட்டிக் காயில் பாதி வாயைப் பிளந்து கிடந்தது.

முதலாளி துள்ளினார். “பாத்தீங்களா சார்! ஒம்போதாங் கிளாசு படிச்சவன்! மிஷினைத் தூக்கிக் கடாசுங்க. எம் பய சன்னாசிடா!”

வாழ்க்கையில் முதல் முறையாக ஃபர்ஸ்ட் வந்திருந்தேன். அந்தச் சந்தோஷம் ஒரு டீ குடிக்கிற நேரம்கூட நிற்கவில்லை. மதுமிதா லேப்டாப்பைத் திறந்து பெட்டியோடு ஒரு வயரைச் சொருகினாள். திரையில் ஒரு கோடு வந்தது. நேராகப் போய், சடாரென்று விழுந்து, எகிறி, மறுபடி நேராகப் போய், மறுபடி விழுந்து. பல் கொட்டிய சீப்பு மாதிரி இருந்தது.

அந்தப் பச்சை விளக்கை நான் அலங்கார விளக்கு என்று நினைத்திருந்தேன். ராத்திரி முழுக்க அது பெட்டியின் சூட்டை எழுதிக்கொண்டே இருந்திருக்கிறது.

“ஏழு எடத்துல விழுந்திருக்கே, என்னம்மா இது?” என்றார் பேராசிரியர்.

மதுமிதாவின் முகம் வெளுத்துவிட்டது. “சென்சார் தப்பா இருக்கும் சார். நான்தான் சரியாப் பாக்கல. ரெண்டு வருஷமா எடுத்த கணக்கெல்லாம் இதே சென்சார்ல எடுத்தது சார்...”

இரண்டு வருஷமும் தப்பு என்றால் அவள் என்ன செய்வாள்? நான் வாயைத் திறந்தால் நான் என்ன செய்வேன்? சும்மா இருந்தால் என் வேலை நிலைக்கும். சும்மா இருக்கத்தான் பார்த்தேன். ஆனால் கவலைக்காரன் வாய் சும்மா இருக்காது.

“பெருச்சாளியா இருக்கும் சார்” என்றேன். “இங்க ரொம்ப ஜாஸ்தி.”

பேராசிரியர் திரும்பினார். “பெருச்சாளி ஏழு தடவை கதவைத் தொறந்து, ஏழு தடவையும் மூடிட்டுப் போச்சா?”

“நல்ல பெருச்சாளி சார்” என்றேன். (இதை ஏன் சொன்னேன் என்று இன்றுவரை எனக்குத் தெரியாது.)

சாக்கில் காய் பொறுக்கிக்கொண்டிருந்த ஈஸ்வரி தலையைத் தூக்காமலே சொன்னாள். “மூடுறதெல்லாம் கரெக்டா மூடிட்டு, துண்டை மட்டும் கைப்பிடியில போட்டுட்டுப் போயிருச்சு பாருங்க சார் அந்தப் பெருச்சாளி.”

ஆறு பேரும் பார்த்தோம். பெட்டியின் கைப்பிடியில் என் ஆரஞ்சுத் துண்டு தொங்கிக்கொண்டிருந்தது. கை சுடாமல் திறப்பதற்காக நான் சுற்றியது.

ராசு ஜீப்பைப் பிடித்துக்கொண்டு சிரித்தான். எனக்கு எதிரில் இருந்த மலை ஆடியது.

“நான்தான் சார் தொறந்தேன்” என்றேன். “காய் கெட்டுப் போயிருமோன்னு...”

“எத்தனை மணிக்கு?” என்றார் பேராசிரியர். அவர் திட்டவில்லை. பேனாவை எடுத்தார். அது இன்னும் பயமாக இருந்தது.

“எட்டே முக்கால். பத்து. பதினொண்ணு பத்து. பன்னெண்டு. ஒண்ணரை. ரெண்டே முக்கால். நாலு.” கவலைப்படுகிறவனுக்கு நேரம் மறக்காது. ஒவ்வொரு முறையும் விடிய எவ்வளவு இருக்கிறதென்று போனைப் பார்த்துவிட்டுத்தானே திறந்தேன்?

அவர் ஒவ்வொரு பல்லையும் பேனாவால் தொட்டுக்கொண்டே வந்தார். கடைசிப் பல்லில் நிறுத்தி, “மதுமிதா, உன் சென்சார் சரியாத்தான் இருக்கு. ஒரு நிமிஷம்கூடப் பிசகல” என்றார். பிறகு என்னிடம், “உங்க அறையில தெனமும் செய்யுற மாதிரியே செஞ்சீங்களா?”

“இல்ல சார். அதுலயும் கூடத்தான் செஞ்சேன்.”

“அப்ப ரெண்டு பக்கமும் சோதனை கெட்டுப் போச்சு. சாயங்காலத்துக்குள்ள எல்லாத்தையும் எழுதிரும்மா. எப்படிக் கெட்டுதோ அப்படியே எழுது.”

பள்ளிக்கூடத்திலிருந்து ஓடிவந்தவனைத் தேடி, மலையேறி, கேள்வித்தாள் வந்துவிட்டது. இரண்டு பேப்பரிலும் ஃபெயில். இதில் அடுத்த பிள்ளையின் பேப்பரையும் சேர்த்துக் கெடுத்திருந்தேன். காய் எடுப்பு முடிந்துவிட்டது. அவள் மறுபடி செய்து பார்க்க அடுத்த சீசன்தான்.

எம் பய சன்னாசி என்று துள்ளிய முதலாளி, அரை நிமிஷத்தில் என்னை யாரோ ஆக்கிவிட்டார். “ஆராய்ச்சியோ கீராய்ச்சியோ, காய் என் காய். நாப்பது கிலோ பச்சை காஞ்சா எட்டுக் கிலோ. பாதி வெடிச்சதுல மொத்தத்துக்கும் வெலை போச்சு. கிலோவுக்குத் தொள்ளாயிரம் நட்டம். ஏழாயிரத்து இருநூறு. யாரு குடுக்கப் போறா? இவன் சோலியையும் இன்னையோட முடிச்சு அனுப்பிருவேன்.”

“நான் தர்றேன் சார்” என்றாள் மதுமிதா. “அண்ணனை அனுப்பிச்சிராதீங்க. அவர் இல்லாட்டி அடுத்த வருஷம் நான் எதோட ஒப்பிடுறது?”

உதவித்தொகையிலிருந்து அன்றைக்கே கொடுத்துவிட்டாள். பாதி என்னுடையது என்றேன். “நீங்க கதவைத் தொறந்ததும் எனக்கு ஒரு ரிசல்ட்டுதாண்ணே. அதுக்குக் காசு வாங்க மாட்டேன்” என்று சொல்லிவிட்டு ஜீப்பில் ஏறினாள். வளைவு திரும்புகிற வரைக்கும் கண்ணைத் துடைத்துக்கொண்டே போனாள் என்று ராசு பிறகு சொன்னான்.

அடுத்த சீசனில் வந்தாள். பெட்டியின் கதவில் பள்ளிக்கூடச் சிலேட்டு அளவுக்கு ஒரு கண்ணாடி, உள்ளே ஒரு சின்ன பல்பு. “பாக்காதீங்கன்னு ஒருத்தர்கிட்ட சொன்னது என் தப்புண்ணே. பாக்குற மாதிரி செஞ்சிருக்கணும்” என்றாள். பெட்டி ஜெயித்தது. முதலாளி இரண்டு வாங்கினார். நான் பயந்தபடியே விறகு அறை உர மூட்டை வைக்கிற அறையாகிவிட்டது. நான் கண்ணாடி முன்னால் உட்கார்ந்து பார்க்கிறேன். பார்ப்பதற்கு ஒன்றும் இல்லை, எல்லாம் சரியாக நடக்கிறது. இத்தனை நாள் ஒன்றும் ஆகாமல் இருப்பது எனக்குச் சரியாகப் படவில்லை. அக்கம்பக்கத்து எஸ்டேட்டுகளிலும் அந்தக் கதவுக் கண்ணாடிக்கு ‘சன்னாசி கண்ணாடி’ என்றுதான் பெயர். அவளுடைய ஆராய்ச்சிப் புத்தகத்தில் எனக்குப் பெயர் கிடையாது. ‘இயக்குபவர் கதவை ஏழு முறை திறந்தார்’ என்று ஒரு வரி இருக்கிறதாம். பாஸா, ஃபெயிலா என்று அதில் போடவில்லை.

வீட்டில் நான் சோற்றுப்பானை மூடியைத் தொட்டால் போதும், ஈஸ்வரி அடுப்படியிலிருந்து குரல் கொடுப்பாள்: “தொறக்காதய்யா, பல்லு விழுந்துரும்!” மகள் நான் ஃபிரிட்ஜைத் திறக்கும்போதெல்லாம் மணியை எழுதிவைக்கிறாள். விருந்துக்கு வந்தவர்கள்கூட என்னைப் பார்த்துப் பெருச்சாளி சௌக்கியமா என்கிறார்கள்.

என் பாதிப் பங்கான அந்த மூவாயிரத்து அறுநூறு ரூபாய் மட்டும் என் தொண்டையிலேயே நிற்கிறது. தீபாவளிக்குத் தீபாவளி போனில் அவளுக்கு நூறு ரூபாய் அனுப்பிவிடுவேன். அரை மணி நேரத்தில் அது நூற்றியொன்றாகத் திரும்பி வந்துவிடும். மொய்க்கு ஒற்றைப்படையாகத்தான் வைக்க வேண்டுமாம். ஐந்து தீபாவளி போய்விட்டது. நான் கட்டக் கட்டக் கடன் ஏறுகிறது.

இன்றைய தேதிக்குப் பாக்கி, மூவாயிரத்து அறுநூற்று ஐந்து ரூபாய்.