ஜில்லென்று ஒரு சூப்பர் கம்ப்யூட்டர்

ஆய்வுக் குழு வர ஒரு மணி நேரம்தான் இருந்தது. சூப்பர் கம்ப்யூட்டரோ அடுப்பாகக் காய்ந்துகொண்டிருந்தது.

அதை வடிவமைத்தவருக்கு மனசு அதைவிட அதிகமாகக் காய்ந்தது. ஓய்வு பெறுவதற்குள் இயக்குநர் நாற்காலியில் ஒரு நாளாவது உட்கார்ந்துவிட வேண்டும் அவருக்கு. குழு தலையாட்டினால் நாற்காலி அவருடையது. உதட்டைப் பிதுக்கினால் மைத்துனனுக்கு. அவன் அவரிடமே வேலை கற்றவன் என்பதை நினைக்க நினைக்க வயிறு எரிந்தது.

மனைவி போனில் அழைத்தாள். "என்னங்க, தம்பி புதுச் சட்டை வாங்கிட்டானாம். நீங்க பாத்து நடந்துக்குங்க."

பல்லைக் கடித்துக்கொண்டு எலெக்ட்ரீஷியனிடம் திரும்பினார். "மத்த ரூம் ஏசியெல்லாம் நிறுத்துங்க. இங்க மட்டும் ஓடட்டும்."

ஐந்தே நிமிடத்தில் கணக்குப் பிரிவு முழுவதும் நாற்காலிகளைத் தூக்கிக்கொண்டு இயந்திர அறைக்குள் குடியேறியது.

"வெளிய மனுஷன் இருக்க முடியல சார். நாங்க ஒரு ஓரமா இருந்துக்கிறோம்."

அவர்களைக் கெஞ்சிக் கூத்தாடி வெளியேற்றுவதற்குள் கதவு திறந்தே கிடந்து, இருந்த கொஞ்சநஞ்சக் குளிரும் நடைவழிக்குப் போய்விட்டது.

"எங்கேருந்து வேணும்னாலும் கரண்ட் எடுங்க. ஏசி முழு வேகத்துல ஓடணும். ஒண்ணொண்ணுக்கும் என்னைக் கேக்காதீங்க" என்று எலெக்ட்ரீஷியனை விரட்டினார்.

முதலில் லிஃப்ட் நின்றது. குழுத் தலைவர் மூன்று மாடி ஏறி, வேர்த்து விறுவிறுத்து வந்து சேர்ந்தார். அவர் முகத்தைப் பார்த்ததுமே வடிவமைப்பாளருக்குப் பாதி உயிர் போய்விட்டது.

இயந்திர அறைக்குள் நுழைந்ததும் தலைவரின் முகம் மலர்ந்தது. ஜில்லென்ற காற்று. கம்ப்யூட்டர் அலமாரிக் கதவுகளில் அழகுக்காகப் பொருத்திய நீல விளக்குகள். கைக்குட்டையை மடித்துப் பையில் வைத்தார்.

"நொடிக்கு எத்தனை கணக்கு போடும்?"

வடிவமைப்பாளர் மனப்பாடமாக வைத்திருந்த எண்ணைச் சொன்னார். அதில் எத்தனை சைபர் என்று யாரும் கேட்கவில்லை.

"எத்தனையோ மிஷின் பாத்திருக்கேன். இவ்வளவு அமைதியா, சூடே இல்லாம வேலை பாக்கறது இதுதான். எல்லா ஊர்லயும் இதையே வைக்கச் சொல்லி எழுதிடறேன், இயக்குநர் சார்."

வடிவமைப்பாளருக்குக் கண் கலங்கிவிட்டது. குழு படியிறங்கியதும் மனைவியை அழைத்தார்.

"உன் தம்பிகிட்ட நானே சொல்லிக்கிறேன். நீ எதுவும் சொல்லாத."

போனை வைத்தபோது எலெக்ட்ரீஷியன் தயங்கியபடி நின்றிருந்தார்.

"எல்லாரும் போயிட்டாங்களா சார்? ஏசிக்குக் கரண்ட் பத்தலன்னு அந்தப் பெரிய மிஷின நிறுத்தி வச்சிருந்தேன். இப்ப போட்டுரட்டுமா?"