மிச்சடேப்பின் பத்தொன்பது நிமிடங்கள்

பெரம்பலூர் தாலுகாவில் அந்த நாளில் கேசட் பதிந்து வாங்கிய எவரும் 'மிச்சடேப்' என்று நாங்கள் பட்டப்பெயர் வைத்த கடைக்காரரிடமிருந்து தப்பியதில்லை. கல்யாணமோ காதுகுத்தோ, நீங்கள் எழுதிக் கொடுத்த பாட்டெல்லாம் முடிந்து டேப்பில் மூன்று நிமிடம் மிச்சமிருந்தால் போதும். அதில் ஒரு வெள்ளைக்காரன் கிடாரோடு வந்து கதறுவான்.

பஸ் ஸ்டாண்டுக்குப் பின்னால் இருந்தது அவருடைய ரெக்கார்டிங் கடை. "டேப்பை வெறுமையா விடுறது, பந்தியில உக்கார வச்சுட்டுப் பாதியில எழுப்புற மாதிரி தம்பி" என்பார்.

அந்த ராக் இசைத்தட்டுகள் வந்த கதை தனி. அரியலூர்ச் சுண்ணாம்புப் பாறையில் கல்லாகிப்போன நத்தைகளைத் தேடி வந்த வெள்ளைக்காரர் ஒருவருக்கு இவர் ஜீப் ஓட்டியிருக்கிறார். அவர் நத்தைகளை எடுத்துக்கொண்டு, தட்டுகளை ஒரு டிரங்குப் பெட்டியோடு இவரிடம் விட்டுப் போனார். யாருக்கு லாபம் என்று கேட்டால், "நத்தை பாடுமா?" என்று திருப்பிக் கேட்பார்.

கடைச் சுவரில் தட்டுகளின் அட்டைகள் இரண்டு வரிசையாகத் தொங்கும். இடப்பக்கம் 'புதியவர்களுக்கு', வலப்பக்கம் 'பழகியவர்களுக்கு'. பாடியவர்கள் பெயர் அவர் வாயிலேயே நுழையாது; அட்டைப் படம்தான் பெயர். "மொதல்ல நாலு தாடி கேளுங்க, மோர்ச்சாதம் மாதிரி வவுத்துல தங்கும். ஒரு மாசம் கழிச்சு மஞ்சக் குதிரை. எரியுற வூட்டை மட்டும் எடுத்த எடுப்புல கேட்டுறாதீங்க, காய்ச்சல் வந்துடும்!" வழி கேட்க வந்தவரிடமும் இதையே சொல்வார். அவருக்கு ஆசை ஒன்றே ஒன்று. யாராவது ஒருத்தர் தானாக வந்து, ஒரு தட்டை முழுசாகப் பதிந்து தரச் சொல்ல வேண்டும். கடை திறந்து ஏழு வருடமாகியும் ஒருவரும் கேட்கவில்லை.

எங்கள் ஊர் மாரியம்மன் திருவிழாவில் அம்மன் பாட்டு கேசட் முடிந்ததும் மஞ்சக் குதிரை கிளம்பியது. சாமி மலையேறப்போன நேரம். டிரம்ஸ் கேட்டதும் சாமியாடி இன்னொரு சுற்று ஆடித் தீர்த்தார். மறுநாள் தர்மகர்த்தா கடைக்கு வந்தார். அடி விழும் என்று நான் ஒதுங்கி நின்றேன்.

"கடைசியில ஒண்ணு வந்துச்சே, அதை அடுத்த வருசம் முன்னாடியே போட்டுரு."

"முழுத் தட்டும் பதிஞ்சு தரட்டுங்களா?"

"வேணாம்ப்பா. ஆத்தா தாங்க மாட்டா."

எங்கள் வீட்டில் முதலில் எழுத்துப் படித்தவன் நான். துபாயில் கட்டட வேலைக்குப் போயிருந்த செல்வராசு அண்ணனுக்குக் கடிதம் எழுதுவது என் பொறுப்பு. அம்மா அரை மணி நேரம் சொல்வதை 'இங்கு அனைவரும் நலம்' என்று ஒரே வரியில் முடித்துவிடுவேன். அப்போது துபாயிலிருந்து லீவில் வந்த அரும்பாவூர்க்காரர் ஒரு சேதி சொன்னார். அண்ணன் அறையில் இன்னும் ஏழு பேர். ஒருவர் பாஷையும் அவனுக்குத் தெரியாது. யாரோடும் பேசாமல் சுவரைப் பார்த்துப் படுத்துக் கிடக்கிறான். வேலையை விட்டுவிட்டு வந்துவிடுவான் போலிருக்கிறது.

அம்மாவுக்கு என் எழுத்தில் நம்பிக்கை போய்விட்டது. "நானே பேசி அனுப்புறேன்" என்று மிச்சடேப்பின் கடையில் வந்து உட்கார்ந்தாள். துபாய் தூரமாயிற்றே, அதனால் கத்தினாள்.

"ராசூ! சாப்டியாடா?" கேட்டுவிட்டுப் பதிலுக்காகக் காத்திருந்தாள்.

"பேசுங்கம்மா, டேப்பு ஓடுது" என்றார் மிச்சடேப்.

"அவன் சொல்லட்டும்ப்பா."

"இப்ப சொல்ல மாட்டாருங்க."

"அப்புறம் எதுக்குய்யா என்னை அவன்கிட்ட பேசச் சொல்ற?"

வெள்ளாடு இரண்டு குட்டி போட்டது, கிணற்றில் தண்ணீர் ஏறியது என்று எல்லாம் சொல்லியும் பதினோரு நிமிடத்தில் சேதி தீர்ந்துவிட்டது. "அண்ணே, இதுல மட்டும் எதையும் போட்டுறாதீங்க" என்று கேட்டுக்கொண்டேன். சத்தியம் செய்தார். கேசட்டை அரும்பாவூர்க்காரர் எடுத்துப் போன பிறகு, மிச்சடேப் தலையைச் சொறிந்துகொண்டே வந்தார்.

"பத்தொன்பது நிமிசம் மிச்சம் இருந்துச்சு தம்பி. எரியுற வூட்டைப் போட்டுட்டேன்."

"புதுசா கேட்டா காய்ச்சல் வரும்னு நீங்கதானே சொன்னீங்க!"

"வரட்டுமே. அப்பவாச்சும் பக்கத்துல இருக்குறவன் நெத்தியத் தொட்டுப் பாப்பான்ல?"

இரண்டு மாதம் அவர் முகத்தில் நான் விழிக்கவில்லை. பிறகு அண்ணனிடமிருந்து பதில் கேசட் வந்தது. எங்கள் வீட்டில் டேப் ரிக்கார்டர் கிடையாது. வேறு வழியில்லாமல் அம்மாவோடு அவர் கடைக்கே போனேன். கேசட்டைப் போட்டதும் அண்ணன் குரல் வந்தது.

"தம்பி, அம்மா பேசி முடிச்சதும் என்னமோ அலறுச்சுடா. பதறிட்டேன். மேல் கட்டில்ல இருந்த பிலிப்பைன்ஸ் வெல்டர் குதிச்சு எறங்கி என்னைக் கட்டிப் புடிச்சுக்கிட்டான். அவன் ஊர்ல அந்தப் பாட்டுன்னா உசுராம், கையைக் காலை ஆட்டிச் சொன்னான். இப்ப தெனம் அந்தக் கேசட்டுதான். பாட்டு வர்ற வரைக்கும் ஏழு பேரும் அம்மா பேசுறதைக் கேட்டுக்கிட்டு உக்காந்திருக்கானுவ. வெல்டர் என்னைப் பாத்தாலே 'சாப்டியாடா'ங்குறான். நான் இப்போதைக்கு வரலடா. கடைக்காரர்கிட்ட சொல்லி, அந்தத் தட்டை முழுசா பதிஞ்சு அனுப்பு."

மிச்சடேப் டேப்பைப் பின்னால் ஓட்டி, கடைசி வரியை மட்டும் மூன்று முறை கேட்டார். வலப்பக்க வரிசையிலிருந்து எரியுற வூட்டை இறக்கினார். சட்டை நுனியால் தட்டைத் துடைத்தார், துடைத்துக்கொண்டே இருந்தார்.

பதிந்து முடிந்தபோது பத்து நிமிடம் மிச்சமிருந்தது. என்ன போடப் போகிறாரோ என்று பார்த்தேன். மைக்கை அம்மாவிடம் நீட்டினார்.

"மிச்சம் இருக்குங்கம்மா, பேசுங்க."

"ராசூ! சாப்டியாடா?" அம்மா கேட்டுவிட்டு, பழையபடி பதிலுக்காகக் காத்திருந்தாள்.

மிச்சடேப் இந்தத் தடவை அவசரப்படுத்தவில்லை. அங்கே அவன் பதில் சொல்லி முடிக்கிற அளவுக்கு, டேப்பை வெறுமையாகவே ஓடவிட்டார்.