முல்லைத்தீவுக்குப் போன பாண் லொறி

வெள்ளவத்தையில் எங்கள் ஒழுங்கையை விட்டு ஓர் அடிகூட நகராமல் இலங்கைத் தீவு முழுவதையும் மூன்று மாதங்களில் சுற்றி முடித்தவர், எனக்குத் தெரிந்தவரையில், எஸ்டிமேட் மாமா ஒருவரே. காலியில் எந்த நாளில் கத்தரிக்காய் வாங்குவார், அம்பாந்தோட்டையில் எத்தனை கட்டு விறகு எரிப்பார், மன்னார்ச் சாலையில் எத்தனையாவது மைலில் டயரில் முள் ஏறும் என்பதெல்லாம் அவருக்குத் துல்லியமாகத் தெரிந்திருந்தன. தெரியாதது ஒன்றுதான்: எப்போது புறப்படுவது என்பது.

அவருக்கு ஒரு பெயர் இருந்தது. அது தபாற்காரனுக்கு மட்டுமே பயன்பட்டது. அரசாங்கக் கந்தோர் ஒன்றில் முப்பத்திரண்டு வருடம் தெருக்களுக்கும் பாலங்களுக்கும் செலவு மதிப்பிட்டவர் அவர். அவர் எழுதிய பாலங்களில் ஒன்றின் மேலும் அவர் கால் வைத்ததில்லை. பென்ஷன் வாங்கிய மறுவாரம், அந்தப் பாலங்களையெல்லாம் நேரிற் பார்த்துவிட வேண்டும் என்று அவருக்குத் தோன்றியது. கொட்டாஞ்சேனையில் ஒரு பேக்கரி விலைப்படுத்திய பழைய பாண் லொறியை வாங்கி வந்து வாசலில் நிறுத்தினார்.

"வீட்டையே கொண்டு போனால் தங்கிற செலவு மிச்சம்," என்று மாமியிடம் விளக்கினார்.

"அப்ப நாங்கள் விட்டிட்டுப் போற இந்த வீட்டுக்கு வாடகை ஆர் குடுக்கிறது?" என்று மாமி கேட்டார்.

மாமா இரண்டு நாள் கணக்குப் பார்த்தார். மூன்றாம் நாள் மதிப்பீட்டில் 'இரட்டை வாடகை' என்று ஒரு புதிய வரி ஏறியது.

மாமிக்குப் பாலங்களில் அக்கறை இல்லை. அவருடைய ஒரே தங்கை முல்லைத்தீவில் ஓர் அப்போதிக்கரியை மணந்து போய்ப் பதினான்கு வருடம் ஆகியிருந்தது. அதற்குப் பிறகு சகோதரிகள் சந்திக்கவே இல்லை. இப்போது தங்கையின் கண்பார்வை குறைந்துகொண்டு வந்தது; வைத்தியம் செய்யும் கணவராலும் அதைத் தடுக்க முடியவில்லை. "முகம் தெரியிற காலத்திலேயே ஒருக்கா வந்திட்டுப் போ அக்கா" என்று அவர் எழுதிய கடிதத்தை மாமி சமையலறையில் மிளகுப் போத்தலுக்குக் கீழே வைத்திருந்தார்.

மாமா கல்நெஞ்சர் அல்லர். முல்லைத்தீவு அவருடைய மதிப்பீட்டில் இருந்தது; ஐந்து நாள் ஒதுக்கியிருந்தார். ஆனால் வண்டி தெற்கே கல்கிசை வழியாகப் புறப்பட்டுத் தீவைச் சுற்றி வரவேண்டும் என்பது ஏற்பாடு. அந்தக் கணக்கில் முல்லைத்தீவு ஒன்பதாம் வாரத்தில்தான் வந்தது.

"நான் றெயிலிலை வவுனியாவுக்குப் போய் அங்காலை பஸ் பிடிச்சுப் போறனே," என்றார் மாமி.

"அந்தப் பயணம் ஏற்கெனவே எஸ்டிமேட்டிலை இருக்கு. ஒரே செலவை ரெண்டு முறை செய்யேலாது."

லொறியை வீடாக்கும் பொறுப்பு, கொட்டாஞ்சேனையில் எல்லோரும் 'பாஸ்' என்று கூப்பிடும் மேஸ்திரி ஒருவரிடம் கொடுக்கப்பட்டது. பாஸ் கைதேர்ந்த தச்சர். ஆனால் துறைமுகத்தில் படகுகளைத் தவிர வேறெதையும் அவர் கட்டியதில்லை. யன்னல்கள் வட்டமாக வந்தன. கட்டில்கள் சுவரோடு மடிந்தன. அடுப்பைச் சுற்றி, அலையடித்தால் சட்டி விழாதிருக்க, ஒரு கம்பி வேலி எழுந்தது. கடைசியாக ஒரு நாள் வண்டியின் பின்புறத்தில் ஒரு நங்கூரம் தொங்கியது.

"பாஸ், இது என்னத்துக்கு?" என்று மாமா கேட்டார்.

"பிரேக்கை நம்பலாமா அய்யா? இது நம்ம சொல்லுக்குக் கேக்கும்."

மாமா நெடுநேரம் யோசித்து, 'பாதுகாப்பு' என்ற தலைப்பின்கீழ் நங்கூரத்தை எழுதிக்கொண்டார். இத்தனை மாற்றத்துக்குப் பிறகும் வண்டியில் பாண் வாசம் மட்டும் போகவில்லை. அதைத் தெருவில் இறக்கியபோதெல்லாம் இருபுறமும் பெண்கள் கூடையோடு வெளியே வந்தார்கள்.

மதிப்பீட்டைப் பற்றிச் சொல்ல வேண்டும். நான் அப்போது கல்லூரியில் இலக்கியம் படிக்கப் புதிதாகச் சேர்ந்திருந்தேன். எழுத்து அழகாக இருந்தது என்ற ஒரே தகுதிக்காக எதிர்வீட்டு மாமா என்னைக் கணக்காய்வாளராக நியமித்திருந்தார். ஆகவே அதன் ஒவ்வொரு பக்கத்தையும் நான் அறிவேன். பெற்றோலும் டயரும் எவருக்கும் தோன்றக்கூடியவை. 'மனஸ்தாபம்' என்ற தலைப்பை வேறெவரும் எழுதியிருக்க மாட்டார்கள். மாதத்துக்கு இரண்டு மனஸ்தாபம் வீதம் ஆறு. ஒவ்வொன்றையும் தீர்க்க ஒரு முழம் மல்லிகையும் நாலு வடையும். கறிவேப்பிலைக்குத் தினமும் செலவழிப்பதிலும் ஒரு மரத்தையே மண்ணெண்ணெய்த் தகரத்தில் நட்டுக் கொண்டுபோவது இலாபம் என்று நிறுவுவதற்கு இரண்டு பக்கங்கள் ஆகியிருந்தன.

எல்லாவற்றிலும் பெரியது வரவுப் பக்கம். வழிநெடுக உள்ள உறவினர் வீட்டுச் சாப்பாட்டை மாமா வருமானமாக எழுதியிருந்தார். உடன்பிறந்தார் வீட்டில் ஐந்து நாள், ஒன்றுவிட்ட உறவில் இரண்டு நாள், பழைய கந்தோர் நண்பர் என்றால் ஒரு தேநீர். உத்தேசக் கணக்காக அதை விடக்கூடாது என்று, அத்தனை பேருக்கும் கடிதம் எழுதி உறுதிப்படுத்துமாறு கேட்டார். நான்கு வாரத்துக்குள் இலங்கையின் கரையோரத் தமிழர்களிற் பாதிப்பேர் அந்த மூன்று மாதமும் வெளியூரில் இருக்கப்போவதாக மறுமொழி அனுப்பினார்கள்.

"வெறுங்கையோடை போய்ச் சாப்பிடேலுமே? ஒவ்வொரு வீட்டுக்கும் ஒரு சீப்பு வாழைப்பழமும் ஒரு பெட்டி பிஸ்கற்றும் வேணும்," என்று மாமி நினைவூட்டினார். கூட்டிப் பார்த்ததில், இலவசச் சாப்பாடு விலைச் சாப்பாட்டைவிட அதிகமாக வந்தது. மாமா அன்றிரவு சாப்பிடவில்லை.

இருந்தும் ஒருவாறு தொகை சரியாக வந்தது. அதைப் பதினொரு சிகரெட் தகரங்களிற் பிரித்துப் போட்டு, ஒவ்வொன்றிலும் தலைப்பை ஒட்டினார். இனித்தான் அவருடைய வாழ்நாட் சட்டம் வந்தது: ஒரு தலைப்புக்கு ஒதுக்கிய பணத்தை இன்னொரு தலைப்புக்கு எடுக்கக்கூடாது. எடுப்பதானால் மேலதிகாரியின் எழுத்துமூல அனுமதி வேண்டும். ஆனால் பென்ஷன்காரருக்கு மேலதிகாரி ஏது? ஒரு வாரம் தவித்தபின், வேறு வழியின்றி மாமியை மேலதிகாரியாக நியமித்தார்.

"அடுப்பிலை கறி கிடக்கு. எங்கை கையெழுத்து?" என்று கேட்டு, மாமி ஈரக் கையோடு மதிப்பீட்டில் கையெழுத்திட்டுப் பதவியேற்றார்.

அதன் பிறகும் பயணம் தொடங்கவில்லை. பெற்றோல் விலை அரைச்சதம் ஏறியது, மதிப்பீடு திருத்தப்பட்டது. அரைச்சதம் இறங்கியது, மறுபடியும் திருத்தப்பட்டது. இதற்கிடையில் முல்லைத்தீவிலிருந்து வந்த கடிதங்களில் எழுத்துக்கள் மாதத்துக்கு மாதம் பெரிதாகிக்கொண்டு வந்தன. முதலில் ஒரு பக்கத்துக்கு இருபது வரி இருந்தது, பிறகு பத்து, பிறகு ஐந்து. பதினோராவது திருத்தம் நடந்துகொண்டிருந்தபோது வந்த கடிதத்தில் ஒரு தாள் முழுவதற்கும், அவசரப்படுத்தும் மூன்று சொற்களே இருந்தன: 'அக்கா கெதியா வா.'

மாமி அதை மாமாவிடம் நீட்டினார். மாமா பார்த்தார். கண்ணாடியைக் கழற்றித் துடைத்தார்.

"இப்பிடி முக்கியமான பயணத்துக்கு அரைகுறை எஸ்டிமேட்டோடை போகேலாது," என்றார். அவர் மெய்யாகவே அப்படித்தான் நினைத்தார் என்பதுதான் துயரம்.

அந்த வாரம், வண்டியை ஒருமுறை ஓட்டிப் பார்க்காமல் நெடும்பயணம் போகக்கூடாது என்று பாஸ் சொன்னார். வத்தளை வரை போய்த் திரும்புவது என்று முடிவாயிற்று. பாஸும் கணக்காய்வாளரான நானும் கூடப் போனோம். மாமி முறுக்குத் தகரம், ஊறுகாய்ப் போத்தல், பனம்பழப் பினாட்டுப் பொதி, ஆறு சேலை ஆகியவற்றோடு ஏறினார்.

"வத்தளைக்கு ஏன் ஆறு சேலை?"

"மழை வந்தால்?"

மாமாவே ஓட்டினார். காலி வீதியில் எங்களைக் கடந்து சென்றவற்றில் மாட்டு வண்டிகளும் அடக்கம். புறக்கோட்டையில் மூன்று பேர் பாண் கேட்டார்கள். களனிப் பாலத்தில் ஏறியதும் மாமா உணர்ச்சிவசப்பட்டு, அதன் செலவு இன்னும் நூற்றுக்கு எட்டு வீதம் குறைந்திருக்கலாம் என்றார். வத்தளைச் சந்தியைத் தாண்டி, பெற்றோல் நிலையம் ஒன்றுக்கு ஐம்பது யார் தூரம் முன்னால் வண்டி இருமிவிட்டு நின்றது. பெற்றோல் முடிந்திருந்தது. 'பெற்றோல்' என்று ஒட்டிய சிகரெட் தகரத்தைத் திறந்தோம். பெருந்தொகை வீட்டில் பத்திரமாக இருந்தது; அன்றைய பயணத்துக்கென்று அதில் போட்ட ஒரு கலன் பெற்றோலின் காசு ஏற்கெனவே போய்விட்டது.

"அய்யா, விறகுத் தகரம் நிறையக் கெடக்கே," என்றார் பாஸ்.

"அது விறகு."

"பங்சர் தகரம்?"

"பங்சர் ஆகேல்லையே!"

பாஸுக்கு இது விளங்கவில்லை. நிற்கிற கலத்துக்குச் செய்யவேண்டியதைச் செய்வோம் என்று நங்கூரத்தை இறக்கிவிட்டார். அது தெருவோர மரவேரில் நன்றாகக் கொளுவிக்கொண்டது. ஆகவே வண்டியை ஓரமாகத் தள்ளவும் முடியவில்லை. பின்னால் ஒரு நீர்கொழும்பு பஸ் வந்து ஊதியது. சாரதி தலையை நீட்டி, "மாத்தயா, யனவத நெத்த?" என்று சிங்களத்தில் கத்தினார். போகிறீர்களா இல்லையா என்ற அந்தக் கேள்வியை ஒழுங்கை முழுவதும் ஏழு மாதமாக மனத்துக்குள் கேட்டுக்கொண்டிருந்தது.

மாமா வண்டிப் படியில் அமர்ந்து, முழங்காலில் தாளை வைத்து எழுதினார். "மேலதிகாரி அவர்களுக்கு. மேற்படி வண்டி வத்தளையில் நிற்கிறது என்பதைப் பணிவுடன் அறியத் தருகிறேன்..." எழுதி முடித்து, இரண்டடி தூரத்தில் இருந்த மாமியிடம் இரு கைகளாலும் கொடுத்தார்.

மாமி நிதானமாக வாசித்தார். பஸ் ஊதியது. மறுபடியும் வாசித்தார்.

"எங்கை போறதுக்குப் பெற்றோல் எண்டு இதிலை இல்லை."

"வீட்டுக்குத்தான்."

"அதை எழுதுங்கோ."

எழுதினார். மாமி பேனையை வாங்கி, தாளின் ஓரத்தில், முப்பது வருடம் ஒரு கந்தோர்க் கிளாக்கரோடு வாழ்ந்த பெண்ணால் மட்டுமே எழுதக்கூடிய தமிழில் எழுதினார்: 'டயர் ஒட்டும் தலைப்பிலிருந்து வேண்டிய தொகை எடுக்க அனுமதிக்கப்படுகிறது. வீடு திரும்ப அனுமதிக்கப்படவில்லை. வண்டி வடக்கே முல்லைத்தீவுக்கு உடனே செல்ல வேண்டும்.' கீழே முழுப் பெயரையும் இட்டார்.

மாமா வாசித்து வெளிறிப்போனார். "எஸ்டிமேட் தெற்காலையல்லோ போகச் சொல்லுது?"

"எஸ்டிமேட்டை எழுதினது ஆர்?"

"நான்."

"அதை அனுமதிச்சது?"

"நீர்."

"அப்ப?"

மாமா அந்தத் தாளைத் திருப்பிப் பார்த்தார், பின்பக்கத்தில் ஏதேனும் வழி இருக்குமோ என்பதுபோல. "இது உத்தரவோ?" என்று மெல்லக் கேட்டார்.

"ஓம். உத்தரவு."

மாமா எழுந்து நின்று கோட்டின் மேற்பொத்தானைப் பூட்டினார். முப்பத்திரண்டு வருடச் சேவையில் எழுத்துமூல உத்தரவு ஒன்றை அவர் மீறியதில்லை. "பாஸ், நங்கூரத்தைத் தூக்கும்!" என்றார்.

பஸ்ஸிலிருந்து நான்கு பயணிகள் இறங்கி வர, பாஸ் குரல் கொடுக்க, நங்கூரம் மேலே வந்தது; பங்சர் தகரக் காசில் பெற்றோலும் ஏறியது. மாமாவின் முகத்தில் அன்று நான் கண்டது தோல்வி அன்று. பெரிய பாரம் ஒன்று தோளிலிருந்து இறங்கியவனின் தெளிவு. பாஸுக்கும் எனக்கும் திரும்பிப்போகப் பஸ் காசு எந்தத் தலைப்பிலும் இல்லை என்று மட்டும் வருத்தப்பட்டார்.

"நான் குடுத்துக்கிறேன் அய்யா. நீங்க திரும்பிப் பாக்காம போங்க," என்றார் பாஸ்.

நீர்கொழும்பு வீதியில் அந்தப் பாண் லொறி மறையும்வரை, பின்புறத்து வட்ட யன்னலில் மாமி கையசைத்துக்கொண்டிருந்தார்.

தீவைச் சுற்றும் பயணம் அதன்பின் நடைபெறவே இல்லை. முல்லைத்தீவில் ஐந்து நாள் என்று எழுதப்பட்டிருந்தது, ஆறு வாரமாயிற்று. திரும்பி வந்த மாமியிடம் தங்கைக்கு முகம் தெரிந்ததா என்று கேட்டேன்.

"மூண்டு நாள் வடிவாய்ப் பாத்தவள், பிள்ளை. நாலாம் நாள், 'அக்கா, நீ கிழவியாய்ப் போனாய்' எண்டு சொன்னாள்." மாமி கண்ணைத் துடைத்துக்கொண்டு சிரித்தார். "அதைக் கேக்க எவ்வளவு சந்தோசம் தெரியுமே!"

மாமா கணக்குகளைக் கணக்காய்வுக்காக என்னிடம் ஒப்படைத்தார். வழக்கம்போல் ஒவ்வொரு செலவுக்கும் எதிரே தலைப்பும் அனுமதி இலக்கமும் இருந்தன. முல்லைத்தீவில் இறங்கிய அன்றைய பக்கத்தில் மட்டும், எந்தத் தலைப்பிலும் சேராமல் ஒரு வரி தனியே நின்றது: 'பெற்றோமக்ஸ் விளக்கு ஒன்று, புதிது, கடையில் இருந்தவற்றுள் பெரியது. சகோதரிகள் முகம் பார்த்துக் கதைப்பதற்கு. அனுமதி: கேட்கவில்லை.'

எழுத்துமூலம் கேளாமல் வாழ்நாளில் ஒரு பென்சில்கூட வாங்கியிராத மனிதர் எழுதிய 'கேட்கவில்லை' என்ற அந்தச் சொல்லை, பரீட்சைக்குப் படிக்கிற நாட்களிலும் நான் இடையிடையே எடுத்துப் பார்த்துக்கொள்கிறேன்.